பகிடியாகச் சொன்ன பாடமும் வர்த்தமானியில் வந்த வதந்தியும்

சில வாரங்களுக்கு முன்னர் கல்முனையில் நடைபெற்ற ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டிருந்தேன். சமூக ஊடகங்களில் பரவும் வதந்திகள் பற்றியது. பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. பிரதம அதிதி பதினொன்றரைக்கு வந்தார். கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, மீண்டும் ஓர் உரை. ஒவ்வொரு பேச்சாளரும் 'வதந்தி ஒரு சமூகப் புற்றுநோய்' என்ற அதே வாக்கியத்தைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பைப் போலச் சொல்லி அமர்ந்தார். பின்வரிசை இளைஞர்கள் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் காரியத்திலிருந்து அவர்களைத் திருப்ப அழைத்திருந்தோமோ, அதே காரியத்தில் அவர்கள் அங்கேயே அமர்ந்து ஈடுபட்டிருந்தார்கள் என்பதை மேடையிலிருந்த எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

என் முறை வந்தபோது ஒரேயொரு யோசனையைத்தான் சொன்னேன். இந்த மண்டப வாடகைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகிற காசில், நம்முடைய ஊர்ப் பேச்சில், நான்கு நிமிடக் கார்ட்டூன் ஒன்றைச் செய்யலாம். 1943இல் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களுக்கு அப்படித்தான் செய்தது என்றேன். சபையில் சிறு சலசலப்பு. கௌரவ அதிதிகளில் ஒருவர், என்னிலும் மூத்தவர், ஒலிவாங்கியைத் தம்பக்கம் இழுத்து, "தம்பி, மௌத்து வீட்டுல பகிடி விடுறதா? இது உயிர் போற விசயம்" என்றார். கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது.

அவருக்கு அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. நேரமும் இல்லை, பிரதம அதிதிக்கு வேறொரு கூட்டம் இருந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இலட்சக்கணக்கான இளைஞர்களைப் படையில் சேர்த்தது. வயலிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் வந்தவர்கள்; பலருக்கு வாசிப்பு ஓடாது. இராணுவக் கைநூல்களை அவர்கள் கையில் திணித்துப் பயனில்லை என்பது மேலதிகாரிகளுக்கு விரைவிலேயே விளங்கிற்று. திரைப்பட இயக்குநர் பிராங்க் கப்ராவின் பொறுப்பில் இருந்த இராணுவப் படப்பிரிவு, பிரைவேட் ஸ்நாபு என்ற ஒரு கார்ட்டூன் சிப்பாயை உருவாக்கியது. படங்களைத் தயாரிக்கும் ஒப்பந்தம் வோல்ட் டிஸ்னிக்குப் போகவில்லை. குறைந்த விலை கேட்ட, வோர்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் செய்துவந்த லியோன் ஷ்லெசிங்கரின் கூடத்துக்குப் போனது. சக் ஜோன்ஸ், பிரிஸ் பிரீலெங், பொப் கிளம்பெட், பிராங்க் டாஷ்லின் ஆகியோர் இயக்கினார்கள். பக்ஸ் பனி என்ற முயலுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க்தான் ஸ்நாபுவுக்கும் குரல். கதைகள் பலவற்றை, சில வேளைகளில் எதுகை மோனையுடன் செய்யுளாகவே, எழுதியவர் கப்டன் தியோடோர் கைசல். உலகக் குழந்தைகளுக்கு அவரைத் தெரியும்: டொக்டர் சூஸ்.

1943 முதல் 1945 வரை இரண்டு டசினுக்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு நிமிடம், கறுப்பு வெள்ளை. சிப்பாய்களுக்கென்று மட்டும் திரையிடப்பட்டதால் பொதுத் திரையரங்குகளுக்கான ஒழுக்கக் கட்டுப்பாடு இவற்றுக்கு இல்லை. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தகாத காட்சிகளும் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்நாபு என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. சிப்பாய்கள் தங்களுக்குள் புழங்கிய கொச்சை. 'நிலைமை வழக்கம்போல, அதாவது எல்லாமே குழறுபடி' என்பது அதன் நாகரிகமான பொருள், நான்காவது சொல்லின் அநாகரிகமான வடிவத்தை முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவன் இங்கே எழுத மாட்டான். இராணுவத்தைப் பற்றிச் சிப்பாய்கள் மறைவில் சொல்லிச் சிரித்த வசவையே இராணுவம் எடுத்துத் தன் பாடநூலின் கதாநாயகனுக்குச் சூட்டியது. 'எங்கள் நிர்வாகம் குழறுபடி என்பது எங்களுக்கும் தெரியும். இனி நீ காது கொடு' என்று சொல்வதற்கு ஒப்பானது அது. நம்முடைய எந்தத் திணைக்களம் இப்படி ஒரு பெயரைத் தன் துண்டுப்பிரசுரத்துக்கு வைக்கும்?

ஸ்நாபு ஒவ்வொரு படத்திலும் பிழை செய்கிறான். நுளம்பு வலை கட்டச் சோம்புகிறான், மலேரியா வருகிறது. (1934-35இல் மலேரியாவுக்கு ஏறக்குறைய 80,000 பேரைப் பறிகொடுத்த நாட்டைச் சேர்ந்த நமக்கு இந்தப் படம் அந்நியமானதல்ல, 1944இல் பேராதனையில் தலைமையகம் அமைத்திருந்த நேசநாட்டுப் படைகளுக்கும் நுளம்பு சாதாரண எதிரியாக இருக்கவில்லை.) இரகசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊரெல்லாம் சிந்துகிறான், கப்பல் மூழ்கி நரகத்துக்குப் போகிறான், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் கண்ணாடியைத்தான் காட்டுகிறார்கள். இன்னொரு படத்தில் எப்போதும் முணுமுணுக்கிறான். அரைக் காற்சட்டையும் சிறகுமாய் சுருட்டுப் புகைத்துக்கொண்டு தோன்றும் ஒரு மந்திரப் பூதம் 'அப்படியானால் நீயே நடத்திப் பார்' என்று அவனிடம் பொறுப்பை ஒப்படைக்க, முகாம் சீரழிகிறது.

நான் கருத்தரங்கில் மனதில் வைத்திருந்தது 1943 டிசம்பரில் வந்த, வதந்தியைப் பற்றிய படம். பிரீலெங் இயக்கியது. தொடங்குகிற இடம் கழிப்பறை! பக்கத்தில் இருப்பவன் சும்மா பொழுதுபோக்காக, குண்டுபோட நல்ல காலநிலை என்பதுபோல ஒன்று சொல்கிறான். ஸ்நாபுவின் தலைக்குள் அது கொதிக்கத் தொடங்குகிறது. அவன் அடுத்தவனிடம் சொல்லும்போது குண்டு விழப்போகிறது. அடுத்தவன் அதற்கடுத்தவனிடம் சொல்லும்போது விழுந்தேவிட்டது. வாய்க்கு வாய் ஊதிப் பெருத்து, கடைசியில் போரே தோற்றுப்போய்விட்டது என்ற நிலை. முடிவில் முகாமையே தனிமைப்படுத்தி வாசலில் அறிவித்தல் தொங்கவிடுகிறார்கள்: உள்ளே தொற்றுநோய், நோயின் பெயர் வதந்தி. 'வதந்தி ஒரு புற்றுநோய்' என்று நம் பேச்சாளர்கள் ஒன்றரை மணித்தியாலம் சொன்னது இதே உவமைதான். ஒரேயொரு வித்தியாசம், அந்தச் சிப்பாய்கள் விழித்திருந்து பார்த்தார்கள்.

இனி ஊருக்கு வருவோம்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது; முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இது வரலாறு. என் மூத்தவாப்பா சொன்ன கதை வேறு. அன்று மாலைக்குள் எங்கள் கரையில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டு, பாதி ஊர் மாட்டுவண்டி பூட்டி மேற்கே வயற்பக்கம் போயிற்றாம். இரண்டு நாள் வாடிகளில் கிடந்து திரும்பி வந்தபோது ஜப்பான்காரன் இல்லை. அடைத்துவிட்டுப் போன கோழிகளும் இல்லை. "கோழி களவெடுத்தவன்தான்டா முதல்ல கத்தினவன்" என்று கடைசிவரை நம்பினார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். கதை இன்றும் எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம் அந்தக் கோழிகள்தான். மௌத்து வீட்டில் பகிடி கூடாது என்றவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கதையும் கோழியோடு முடிவதில்லை. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டு போயிற்று. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் தமிழரும் முஸ்லிம்களுமாய் அடக்கம் செய்தோம், எரித்தோம், புதைத்தோம். அதன்பின் எத்தனை முறை 'கடல் வருகுது' என்று ஓடினோம்! 2005 மார்ச் 28 இரவு எச்சரிக்கை உண்மையானது; சுமாத்திராவுக்கு அருகே பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்திருந்தது, அலை மட்டும் வரவில்லை. மற்றவை யாரோ ஒருவன் சந்தியில் நின்று கத்தியவை. ஓட்டத்தில் விழுந்து கால் முறிந்தவர்களை, பிள்ளையை மறந்து ஓடி அந்தக் குற்றவுணர்விலிருந்து இன்றும் மீளாத ஒரு தாயை நான் அறிவேன். அப்படி ஓடியவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. சிரிப்புக்கு ஓர் இலக்கு இருக்க வேண்டும், அந்த இலக்கு அஞ்சியவனாக இருக்கக் கூடாது என்று நான் கற்றது அப்போதுதான்.

அடுத்தது நான் இதுவரை எழுதாதது.

2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் வந்தது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மனிதர்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கதை மலையகத்தில் கிளம்பி நாடெங்கும் பரவிற்று. கிழக்கில் அது இன்னொரு உருவம் எடுத்தது: துரத்தப்பட்டவன் முகாமுக்குள் ஓடி மறைந்தான் என்றார்கள். முப்பது வருட யுத்தத்தின் பின் அப்படி நம்புவதற்கு மக்களுக்குக் காரணம் இருந்தது. கிண்ணியாவிலும் பொத்துவிலிலும் மக்களுக்கும் சீருடையினருக்கும் மோதல். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்.

நான் அப்போது பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். கொழும்பிலிருந்து தொலைபேசி: 'உங்கட பக்கம் ஒண்டும் இல்லையா?' ஒவ்வொரு மாவட்டத்திலும் பூதம் இருக்கையில் என் பக்கத்தில் மட்டும் இல்லாமற் போவது எனக்கே ஒரு குறையாகப் பட்டது. இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள். ஆறு வரி எழுதினேன்: மர்ம மனிதன் நடமாட்டம், மக்கள் அச்சம். அச்சம் என்பது உண்மை என்று அன்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நடமாட்டத்தை எவரும் பார்த்திருக்கவில்லை.

செய்தி வந்த அன்று மாலை, அஸருக்குப் பிறகு, வெளியூரிலிருந்து வந்து வீடு வீடாகப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற ஒரு மனிதரை எங்கள் ஊர் இளைஞர்கள் பிடித்து மின்கம்பத்தில் கட்டினார்கள். ஈயம் பூசுகிறவனின் கை எப்படி இருக்கும்? முழங்கைவரை கரி. அதுவே சாட்சியமாயிற்று. நான் போனபோது அவருடைய முன்பல் ஒன்று போயிருந்தது. விட்டுவிடுங்கள், இவர் தொழிலாளி என்று நான் சொன்னேன். கூட்டத்தில் ஒரு பொடியன், என்னை அடையாளம் தெரியாதவன், நான்காய் மடித்த பத்திரிகையை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். "பேப்பர்லயே போட்டிருக்கு காக்கா!" அது என் ஆறு வரி.

பொலிஸார் வந்து அந்த மனிதரைக் கொண்டு போனார்கள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மறுநாள் நான் திருத்தம் எழுதி அனுப்பினேன், அது வெளிவரவில்லை. இடமில்லை என்றார்கள், நானும் வற்புறுத்தவில்லை.

ஸ்நாபுவை முதன்முதலாக இணையத்தில் பார்த்தது அதற்கு ஓரிரு ஆண்டுகளின் பின்னர். கழிப்பறையில் அமர்ந்திருந்த அந்தச் சிப்பாயின் தலைக்குள் ஒன்று கொதிப்பதைப் பார்த்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனையோ ஊடகப் பயிற்சிப் பட்டறைகளில் 'உறுதிப்படுத்தாத செய்தியை வெளியிடாதீர்' என்று கேட்டிருக்கிறேன். சான்றிதழ்களும் அலுமாரியில் இருக்கின்றன. செய்தி கொண்டுவருபவனை விசாரித்துக் கொள்ளுங்கள் என்ற இறைகட்டளையை, ஹுஜுராத் அத்தியாயத்தில், சிறு வயதிலேயே மனனம் செய்தவன் நான். அவையெல்லாம் என் மூளையில் இருந்தன. ஆறு வரி எழுதுகையில் என்னைத் தடுத்திருக்கக் கூடியது வேறொன்று: இப்படி ஒரு கேலிப்படத்தில் இருப்பவனைப் போலத் தோன்றிவிடுவேனோ என்ற வெட்கம். மனிதன் பாவத்துக்கு அஞ்சுவதைவிடப் பரிகாசத்துக்குச் சற்று அதிகமாகவே அஞ்சுகிறான். இதைச் சொல்வதற்காக உலமாக்கள் என்மீது கோபிக்கலாம். கோபித்துக்கொண்டே யோசிக்கவும் வேண்டும்.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டுக்குள் எதோ கட்டி கிடந்தது. மலட்டு மாத்திரை என்றார்கள். சூழ்ந்து நின்று மிரட்டியவர்களுக்கு, சிங்களம் சரியாக விளங்காத அந்த மனிதர் அச்சத்தில் தலையசைத்தது ஒளிப்பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலமாய் நாடு சுற்றியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னது: அது மாக்கட்டி. உண்டால் ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று உலகத்தில் ஒன்று இல்லவேயில்லை. ஒரு வாரத்துக்குள் திகனை எரிந்தது. அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, பேஸ்புக் முடக்கப்பட்டது. அந்த நிறுவனம் 2020 மே மாதம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டே, 2019இல், ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில் அதே மலட்டுக் கதை வேறு உடுப்பில் வந்தது: ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்த முஸ்லிம் வைத்தியர் என்று. குருநாகல் வைத்தியர் கைதானார். பின்னர் வேலைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். மாக்கட்டிக்கும் முதற்பக்கத்துக்கும் இடையில் எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

சட்டம் வேறு இடத்தில் வந்தது. அதே 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடையில் தர்மசக்கரம் இருக்கிறது என்று கைது செய்யப்பட்டு இரண்டு வாரத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அது கப்பலின் சுக்கான் சக்கரம். அவரைப் பிடிக்கப் பயன்பட்டது, குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென்று இயற்றிய சட்டம்! டொக்டர் சூஸ் எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டார். 2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை வதந்திக்கு மருந்து என்று சொல்பவர்களிடம் நான் இந்தச் சக்கரத்தைத்தான் காட்டுவேன். எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுக்கும் முன், அதிகாரத்தின் கையிலிருந்து என்ன வதந்திகள் வந்தன என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

கணக்கில் முதலாவது 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி. கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றது அது. புதைத்தால் நிலத்தடி நீர் வழியே கிருமி பரவும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியிருந்தது, உலகமெங்கும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி வந்தது; மார்ச் 5 முதல் நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்களை ஓட்டமாவடிக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. நிலத்தடி நீர்க் கதைக்கும் மலட்டு மாத்திரைக் கதைக்கும் தரத்தில் என்ன வேறுபாடு? ஒன்றை உணவகத்தில் நின்றவன் சொன்னான், மற்றதை அரச இலச்சினையோடு அச்சடித்தார்கள். முன்னதைப் பரப்பியவனைக் கைது செய்யலாம். பின்னதை எதிர்த்தவர்கள் மயான வேலிகளில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இங்கே அந்த அமெரிக்கப் படங்களின் பெரும் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் விளம்பரக்காரன் ஆகிவிடுவேன். ஸ்நாபு படங்களில் பிழை செய்பவன் எப்போதும் சிப்பாய். ஜெனரல் ஒருபோதும் வதந்தி பரப்புவதில்லை. செய்தியை மேலே அமுக்கி வைத்தால் கீழே வதந்தி முளைக்கும் என்ற உண்மை அந்த நான்கு நிமிடத்துக்குள் வரவில்லை. பெயரில் இருந்த நேர்மை கதையில் பாதிதான் இருந்தது. ஜப்பானியரைப் பல்லும் கண்ணாடியுமாய் வரைந்த விதமோ அருவருப்பானது. எதிரியை மனிதன் அல்லாதவனாய் வரைவது என்ன செய்யும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொப்பியும் தாடியுமாய் எங்களை வரைந்த படங்கள் கைப்பேசிகளில் சுற்றியதன் விலையை நாங்கள் கொடுத்தோம். நியாயமாகச் சொன்னால், 1990இன் பின் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பற்றிச் சொல்லிச் சிரித்தவற்றுக்கும் சேர்த்துத்தான்.

கைசலின் கதை இன்னும் கசப்பானது. வதந்தியைப் பரிகசித்துச் சிப்பாய்க்குப் பாடம் எழுதிய அதே மனிதர், அதற்கு ஒன்றே முக்கால் ஆண்டு முன்னர், 1942 பெப்ரவரி 13ஆம் திகதி, பி.எம். என்ற நியூயோர்க் நாளிதழில் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுகிலும் ஜப்பானிய வம்சாவளியினர் சிரித்த முகத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கொட்டிலில் ஆளுக்கொரு வெடிமருந்துப் பொதி கொடுக்கப்படுகிறது. தாயகத்தின் சைகைக்குக் காத்திருக்கிறார்களாம். ஆறு நாள் கழித்து ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட ஆணையின்கீழ் ஏறக்குறைய 120,000 பேர் வீடு வாசல் விட்டு முள்வேலி முகாம்களுக்குள் போனார்கள். அதற்காக அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டொலர் கொடுக்கச் சட்டம் செய்தது 1988இல். அந்த ஆணைக்கு ஒரு சித்திரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. என் ஆறு வரிதான் அந்த ஈயம் பூசுகிறவரின் பல்லை உடைத்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் கொட்டில் பற்றி எவரும் நேரில் பார்த்திருக்கவில்லை. கைசலும் கேள்விப்பட்டதைத்தான் வரைந்தார்.

1954இல் அவர் எழுதிய, ஒரு யானை தன் காதில் விழுந்த சின்னஞ்சிறு உயிர்களின் குரலைக் காப்பாற்றும் கதையை ஒரு ஜப்பானிய நண்பருக்குச் சமர்ப்பித்தார். பலர் அதை மன்னிப்பாக வாசிக்கிறார்கள். அழகான கதைதான். எனக்கு அது போதவில்லை. அந்தக் கதையில் பரிகாசத்துக்கு உள்ளாகிறவர்களில் கேலிச்சித்திரக்காரன் ஒருவனும் இல்லை. வதந்திப் படத்தில் கழிப்பறையில் ஸ்நாபுவுக்குப் பக்கத்து இருக்கையில், கையில் தூரிகையோடு, கைசல் தம்மையும் உட்கார வைத்திருக்க வேண்டும்.

நான் கேட்பதும் இதைத்தான். கருத்தரங்கின் பெரியவர்களுக்கு விளங்காமற் போனதும் இதுதான். அவர்கள் பொதுமக்களின் அறியாமையைப் பற்றிப் பேசினார்கள். மேடையில் இருந்த எவரும் தாம் அனுப்பிய ஒரு பொய்யைப் பற்றிப் பேசவில்லை. கூட்டத்தை ஒழுங்குசெய்தவர்களின் வட்ஸ்அப் குழுவிலேயே, அந்த வாரம், காலாவதியான ஒரு சூறாவளிப் படம் 'இன்றிரவு' என்ற குறிப்போடு வந்திருந்ததை நான் காட்டியிருக்கலாம். விருந்தாளியாகப் போனவன் அப்படிச் செய்யக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். பகிடி மரியாதையில்லாதது என்றல்ல அவர்களுடைய பயம். பகிடி தொடங்கினால் அது பின்வரிசையோடு நிற்காது, மேடைக்கும் வரும் என்பதுதான்.

மேடைக்கு வராத பகிடியை நான் ஆதரிக்கவில்லை. அரச நிதியில் ஒரு கார்ட்டூன் வந்து, அதில் கைலி உடுத்த ஒரு மீனவனும் பர்தா அணிந்த ஒரு பெண்ணும் மட்டும் வதந்தி பரப்பி முட்டாளாவார்கள் என்றால், முதல் எதிர்ப்புக் கட்டுரை என்னுடையதாகவே இருக்கும். வர்த்தமானி அச்சடித்த அதிகாரி அதில் வர வேண்டும். மாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வு நடத்தும் வீரன் வர வேண்டும். கப்பல் சக்கரத்துக்குக் கைவிலங்கு மாட்டும் பொலிஸ்காரரும், ஒலிபெருக்கியில் விசாரிக்காமல் அறிவித்தல் செய்யும் நம்முடைய பள்ளி நிர்வாகியும், பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டியபடியே தகவலைப் பகிரும் பிரதம அதிதியும் வர வேண்டும். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றிலும் மற்றவனை முட்டாளாக்கும் கெட்டிக்காரத்தனமும் வேண்டாம். ஒரே படம், இரு மொழிக் குரல்.

கருத்தரங்கு முடிந்து மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த பொடியனொருவன் வந்து, "சேர், நீங்க சொன்ன படம் போன்ல பார்க்க ஏலுமா?" என்று கேட்டான். ஏலும், அமெரிக்க அரசின் தயாரிப்பு என்பதால் எவருக்கும் உரிமைத் தடையில்லை. அடுக்கிய கதிரைகளுக்கு நடுவே நின்று பார்த்தோம். ஆங்கிலம் அவனுக்கு அவ்வளவாக ஓடாது, தேவைப்படவும் இல்லை. தனிமைப்படுத்தல் அறிவித்தல் தொங்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கேட்டான்: "இதுல பேப்பர்காரன் வரமாட்டானா?"

அன்றிரவே உட்கார்ந்து நான்கு நிமிடத்துக்கு ஒரு கதைவசனம் எழுதினேன். முதற்காட்சியில் பிரதேச நிருபர் ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். மறுமுனையில் கொழும்பு, 'உங்கட பக்கம் ஒண்டும் இல்லையா?' என்கிறது. வழுக்கை, தடித்த மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனா. என்னைத் தெரிந்தவர்களுக்கு யார் என்று புரியும். இரண்டாவது காட்சியில் ஈயம் பூசுகிறவர் வருகிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி ஒரு வரியும் எழுதவில்லை. எனக்கு வரையத் தெரியாது. இந்தக் கரையிலோ, கொழும்பிலோ, டொரொண்டோவிலோ, டோஹாவிலோ வரையத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் எழுதுங்கள். சிங்களத்தில் குரல் கொடுக்க ஒருவரும் வேண்டும். காசு அதிகம் தர இயலாது. மண்டப வாடகை அளவுக்குத் தேற்றிவிடலாம்.